ஒற்றைக்குழலின் எண்

அத்தியாயம் 17

நான்கு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லாத தம்பி, காலை எட்டே முக்காலுக்கு வாசலில் வேனை நிறுத்தி ஹாரன் அடித்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இறங்கவும் இல்லை.

அக்கா அவசரப்படவில்லை. அப்பாவின் பீரோவைத் திறந்து, கான்வாஸ் உறையில் இருந்த துப்பாக்கியை எடுத்தாள். உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ், துப்பாக்கி உரிம அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் மூன்றையும் எடுத்துச் சரிபார்த்துக் கைப்பையில் வைத்தாள். போன வாரம் வந்த புகார் மனுவின் நகலும் அந்தப் பையில்தான் இருந்தது.

மனுவை எழுதியவன் தம்பி. அப்பா வைத்திருந்த விலை உயர்ந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை அக்கா ரகசியமாக விற்றுவிட்டாள், அதே ஜாடையில் ஓர் ஓட்டைத் துப்பாக்கியை வாங்கிப் பீரோவில் வைத்திருக்கிறாள் என்பது அதன் சாரம். அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் தம்பி மனைவி. வீட்டில் உங்கள் பாதியை எழுதிக் கொடுத்துவிட்டால் இதைக் கிழித்துப் போட்டுவிடுவாராம் என்று, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அப்பா இறந்தபின் துப்பாக்கியை ஒப்படைக்க அலுவலகம் கொடுத்த கெடு இன்றைக்கு மாலை நான்கு மணியோடு முடிகிறது. ஒப்படைக்கும்போது, உரிமத்தில் உள்ள துப்பாக்கி இதுதான் என்று ஒரு துப்பாக்கிக் கடைக்காரர் பரிசோதித்து எழுதிய சீட்டு வேண்டும். இது அது இல்லை என்று சீட்டு வந்தால் மனு போலீஸுக்குப் போகும்.

போனால் என்ன ஆகும் என்று அக்காவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவளுக்கு வேலை எடை முத்திரை அலுவலகத்தில். கடைகளின் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து அரசு முத்திரை குத்துகிறவள். முத்திரை உளியைக் கையில் வைத்திருக்கிறவர் மேல் ஒரு வழக்கு என்றால், அன்றைக்கே உளிப் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பத்தொன்பது வருடச் சர்வீஸ், ஒரு பெட்டியோடு போய்விடும்.

வேனில் முன் இருக்கையில் தம்பி மனைவி. பின்னால் ஸ்பானர் பெட்டிக்கும் டயருக்கும் நடுவில் அக்காவுக்கு இடம். தம்பிக்கு லேத் பட்டறை. வண்டி முழுக்க இரும்புத்தூளும் கட்டிங் ஆயிலுமாக ஒரு வாசனை.

நீ ஏன் கூட வருகிறாய், கடைக்குத் தனியாகப் போக எனக்குத் தெரியாதா என்று அக்கா கேட்டாள்.

தனியாப் போனா கடைக்காரனைச் சரிக்கட்டிடுவ, முத்திரைக்காரிக்கு முத்திரை வாங்கவா தெரியாது என்று கண்ணாடியைப் பார்த்தே பதில் சொன்னான். கடைக்காரரிடம் தானே போனில் நேரம் வாங்கி வைத்திருப்பதாகவும் சொன்னான். அதில் ஒரு பெருமை இருந்தது. தம்பி மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்தரைக்குக் கடை வந்தது. பாதி இறக்கிய இரும்பு ஷட்டர். உள்ளே நீளமான மேஜை, அதன் மேல் கறுப்பு ரப்பர் விரிப்பு. சுவரில் சங்கிலி கோத்த நாலைந்து துப்பாக்கிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ். உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒரே ஒரு நாற்காலிதான், அதில் அவர் இருந்தார்.

துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்ததும் முதல் வேலையாக மேல் நெம்புகோலைத் தள்ளி, குழலை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று விரலை விட்டே பார்த்தார். பிறகு மூடி, கட்டையைப் பிடித்துக்கொண்டு காதருகே வைத்து ஆட்டினார். லொடலொடவென்றது. இளிச்சவாயன் சிரிப்பு மாதிரி இருக்கு என்றார், யாரையும் பார்க்காமல்.

தம்பி செல்போனை எடுத்து மேஜையில் வைத்தான். திரையில் இதேபோல ஒரு துப்பாக்கி, அதன் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ஒரு பெயர். எங்கோ ஏலத்தில் ஒரு புதுக் கார் விலைக்குப் போயிருக்கிறதாம். அதே பெயர்தான் அப்பாவின் துப்பாக்கியிலும் இருக்கிறதாம்.

கடைக்காரர் அந்தப் படத்தைக் கால் நிமிடம் பார்த்தார்.

"ஏலத்துக்குப் போனது ரெட்டைக்குழல். அது வேற வம்சம். இதுல இருக்கறது செஞ்சவன் பேரு இல்ல, வித்தவன் பேரு. இரும்புக்கடை வச்சிருந்தவன். ஆணி, கதவுக்கீல், மண்வெட்டியோட சேத்து இதையும் வித்திருக்கான்."

ஒரே தொழிற்சாலை இப்படி ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளும், எந்தக் கடை வாங்குகிறதோ அந்தக் கடையின் பெயரைப் பொறித்துக் கொடுத்துவிடும் என்று அவர் விளக்கினார். நல்ல துப்பாக்கியில் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், கையால் செதுக்கியிருப்பான். இதில் அச்சு வைத்து ஒரே அடி. எழுத்தின் ஓரம் பிதுங்கியிருக்கிறது பாருங்கள் என்று லென்ஸைத் தள்ளினார். தம்பி வாங்கவில்லை. அக்கா வாங்கிப் பார்த்தாள். பிதுங்கித்தான் இருந்தது.

விலை என்ன போகும் என்று தம்பி கேட்டான்.

"நல்ல நிலைமையில இருந்தா ஒரு பழைய சைக்கிளுக்குக் கேக்கறதைக் கேக்கலாம். இது இருக்கற இருப்புக்கு, சைக்கிள் பெல்லுக்குக் கேக்கலாம்."

தம்பி மனைவி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பியின் காது மடல் சிவந்தது. ஆனால் அவன் அசரவில்லை. அசராததுதான் அக்காவுக்கு உறுத்தியது. அதான் நானும் சொல்கிறேன், அப்பா இப்படி ஒரு தகரத்தையா கட்டிக் காத்திருப்பார், அவருடையது நல்ல துப்பாக்கி, இது அது இல்லை, நம்பரைப் பாருங்கள் தெரியும் என்றான். கடகடவென்று, ஒப்பித்த மாதிரி.

கடைக்காரர் உரிமப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். நாலு, பூஜ்யம், ஏழு, ஒண்ணு, ஆறு. பிறகு குழலைக் கழற்றி அடிப்பக்கம் திருப்பி, துணியால் துடைத்து, லென்ஸைக் கண்ணில் வைத்தார்.

"எட்டு, எட்டு, மூணு, ரெண்டு. நாலே இலக்கம். சேரல."

"எழுதிக் குடுங்க" என்றான் தம்பி.

அக்கா உரிமத்தில் இருந்த எண்ணை மறுபடி படித்தாள். இந்தத் துப்பாக்கி பீரோவை விட்டு நகரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இரும்பில் வேறு எண் இருக்கிறது. எத்தனை கடைக்காரர்கள் அவள் மேஜைக்கு எதிரில் நின்று, நான் கல்லைத் தொடவே இல்லை மேடம் என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். அவள் ஒருவரையாவது நம்பியிருக்கிறாளா?

கடைக்காரர் அச்சடித்த சீட்டை உருவி, பேனா மூடியைக் கழற்றினார்.

அந்த மூடியைக் கழற்றிய சத்தத்தில்தான் அவளுக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது. எடைக்கல்லின் தலையில் ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு யாரும் சீட்டு எழுதுவதில்லை. கல்லைக் கவிழ்த்து, அடியில் ஈயம் நிரப்பிய குழியில் என்ன குத்தியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எழுதுவார்கள்.

"இதுக்கு ஒரே இடத்துலதான் நம்பர் இருக்குமா?" என்று கேட்டாள்.

கடைக்காரர் அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"மூணு இடத்துல இருக்கும்."

"அப்புறம் ஏன் ஒண்ணை மட்டும் பாத்தீங்க?"

"உங்க தம்பி போன்ல, குழல் நம்பரைப் பாத்து எழுதிக் குடுத்தாப் போதும்னாரு. கேட்ட வேலையைத்தான் நான் செய்வேன்."

நேரமாகிறது, மற்ற நம்பரெல்லாம் எதற்கு, உரிமத்தோடு சேரவில்லை என்று தெரிந்துவிட்டதே என்று தம்பி அவசரப்படுத்தினான். அக்கா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அவள் நாக்கு நுனியில் நின்றது. அதை அப்படியே நிறுத்திக்கொண்டாள். முதலில் இரும்பு பேசட்டும்.

மூன்றில் எது உங்களுக்குத் துப்பாக்கி என்று கடைக்காரரிடம் கேட்டாள். குழலை மாத்தலாம், கட்டையை மாத்தலாம், நடுவில் சுத்தியும் விசையும் உட்கார்ந்திருக்கிற உடம்பு இருக்கிறதே, அதுதான் துப்பாக்கி, அதை மாத்தினால் அது வேறு துப்பாக்கி என்றார் அவர். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சின்ன திருப்புளியை எடுத்தார். முகத்தில் எரிச்சல் இருந்தது. யாரோ தன்னைக் கையாளாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டவரின் எரிச்சல்.

விசையைச் சுற்றி வளைந்திருந்த காப்பு வளையத்தைக் கழற்றினார். அடியில் வருடக்கணக்கான கிரீஸ், கெட்டித் தாராக மாறியிருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் நான்கு தடவை துடைத்தார். பிறகு, இடது கையால் பிடித்துக்கொள்கிற முன்கட்டையைத் திருப்பி, அதன் வயிற்றில் பதித்திருந்த இரும்பையும் துடைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸை அக்காவிடமே கொடுத்துவிட்டார்.

நாலு, பூஜ்யம், ஏழு, ஒண்ணு, ஆறு.

நாலு, பூஜ்யம், ஏழு, ஒண்ணு, ஆறு.

இரண்டு இடத்திலும் ஏழு மட்டும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஒரே ஆள், ஒரே உளியால், ஒரே நாளில் குத்தியது. இந்த விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. உரிமத்தில் அப்பாவின் பெயருக்கு நேரே இருந்த துப்பாக்கி இதுதான்.

"குழல் மட்டும் வேறயாளு" என்றார் கடைக்காரர். இப்போது அவருக்கே ருசி பிடித்துவிட்டது. முன்கட்டையை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். நீளவாக்கில் ஒரு விரிசல், பசை போட்டு ஒட்டி மேலே சாயம் பூசியிருந்தது. பழைய குழல் இந்த இடத்தில் பிளந்திருக்கிறது என்றார். இந்த இடத்தில் பிளந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதானாம். சின்ன அளவுத் தோட்டா ஒன்றைத் தப்பாகப் போட்டுவிடுவார்கள். அது நழுவிக் குழலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். திறந்து பார்த்தால் வாய் காலியாக இருக்கும். போடவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, பின்னாலேயே சரியான தோட்டாவைப் போட்டு விசையை இழுப்பார்கள்.

"பழக்கம் இல்லாதவன், பெரியவங்களுக்குத் தெரியாம எடுத்தவன் பண்ற வேலை. இடது கை இங்கதான் இருந்திருக்கும். ரெண்டு விரலாவது போயிருக்கணும்."

ரப்பர் விரிப்பின் ஓரத்தில் ஊன்றியிருந்த தம்பியின் இடது கை, மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் போனது.

அந்தக் கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் முதல் கணுவுக்கு மேல் ஒன்றும் கிடையாது. லேத்தில் சிக்கிக்கொண்டது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அக்கா வெளியூரில் பயிற்சியில் இருந்தாள். உன் தம்பிக்குப் பட்டறையில் கை அடிபட்டுவிட்டது, கவலைப்படாதே, பரீட்சையைக் கவனி என்று அப்பா குண்டு குண்டான எழுத்தில் கடிதம் போட்டிருந்தார். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத கடிதம். அவ்வளவு சுத்தமான கையெழுத்தில் ஒரு மனிதர் பொய் எழுதுவார் என்று அவள் இந்த நிமிடம்வரை நினைத்ததில்லை.

மகனைக் காப்பாற்ற அப்பா பேசாமல் ஒரு குழலை வாங்கி மாட்டியிருக்கிறார். உரிமத்தில் பதியவே இல்லை. அது தம்பிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் குழல் எண்ணைத் தேர்ந்தெடுத்தான். ஒரு மலிவுத் துப்பாக்கிக்கு மூன்று இடத்தில் எண் இருக்கும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

கடைக்காரர் சீட்டை எழுத ஆரம்பித்தார். உடலும் முன்கட்டையும் சேருகிறது என்று மட்டும் எழுதுங்கள், குழல் பேச்சு வேண்டாம் என்றான் தம்பி. குரல் இறங்கியிருந்தது.

"போன்ல குழலை மட்டும் எழுதச் சொன்னீங்க. இப்பக் குழலை மட்டும் விட்டுடச் சொல்றீங்க. நான் என்ன உங்க பட்டறையில வேலை பாக்கறேனா?"

கண்டதை எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீட்டை அக்காவிடம் நீட்டினார். அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேட்பார்கள், குழலை மாற்றியது யார், பழைய குழல் எங்கே, பதில் சொல்லாமல் வர விடமாட்டார்கள் என்று எச்சரித்தார். அதற்குப் பிறகு அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேன் அருகே வந்ததும் தம்பி வழியை மறித்தான்.

"அப்பா மாத்தினாருன்னு எழுதிடு. செத்தவரை யாரும் ஜெயில்ல போடப்போறதில்ல."

"உசுரோட இருக்கற என்னைப் போட மனு எழுதினியே."

"அது மிரட்டறதுக்கு. குடுத்திருக்க மாட்டேன்."

"நான் வீட்டை எழுதிக் குடுத்திருந்தா குடுத்திருக்க மாட்ட. அவ்வளவுதானே?"

அவன் பல்லைக் கடித்தான். என் பெயரை எழுதினால் உனக்கும் எல்லாம் தெரியும் என்று நானும் எழுதுவேன், இருபத்திரண்டு வருடம் ஒரே குடும்பத்தில் இருந்துவிட்டு இது தெரியாது என்றால் எவன் நம்புவான் என்றான். அவள் அவன் கால்சட்டைப் பையையே பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா அந்தக் கைக்கு நான்தான் தட்டு எடுத்து வச்சேன். பாவம்னு. எனக்கே சிரிப்பா வருது."

அவள் சிரிக்கவில்லை. அவன் வழியை விட்டு விலகி வேனில் ஏறினான். திரும்பி வரும் வழியெல்லாம் வேனுக்குள் ஸ்பானர்கள்தான் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன.

மூன்று இருபதுக்கு உரிம அலுவலகம். கவுண்டருக்கு எதிரில் ஒரு மர பெஞ்சு. அதில் தம்பியும் அவன் மனைவியும் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு. அக்கா வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது கடிகாரம் மூன்று நாற்பது.

குமாஸ்தா சீட்டைப் படித்தார், உரிமத்தைப் படித்தார், மறுபடி சீட்டைப் படித்தார். துப்பாக்கி சரி, உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னபோது அக்கா கைப்பையின் வாயை மூடினாள். அவர் உடனே இன்னொரு படிவத்தை எடுத்து இரண்டு கட்டங்களில் பென்சிலால் சுழித்துக் கொடுத்தார். குழலை மாற்றியவர். பழைய குழல் உள்ள இடம். முதலாவது தெரியாது என்றால் தெரியாது என்று எழுதலாம், ஆனால் விசாரணை உங்களிடமிருந்துதான் தொடங்கும் என்றார். நான்கு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவோம் என்றும் சொன்னார்.

அவள் திரும்பி பெஞ்சைப் பார்த்தாள். தம்பி இல்லை.

தம்பி மனைவி எழுந்து வந்து, அவள் தோளுக்கு மிக அருகில் நின்றாள்.

"அண்ணி, அந்தப் பழைய குழல் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. சாக்குல சுத்தி. வந்த புதுசுல பாத்துட்டுக் கேட்டேன், வண்டி சாமான்னாரு. இன்னைக்குக் கடையிலதான் எனக்கு விளங்குச்சு. அதை எடுத்துட்டுப் பட்டறைக்குப் போகத்தான் கிளம்பியிருக்காரு. அறுத்துத் துண்டு துண்டாக்கிடுவாரு."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இதை ஏன் என்கிட்டச் சொல்றே என்று கேட்டாள்.

"உங்க மேல பாசம் பொங்கிச் சொல்லல. நாங்க இருக்கற வீடு என் பேர்ல இருக்கு. நாளைக்கு ஏதாச்சும்னா கைவிலங்கு எனக்குத்தான் வரும். நீங்க அந்தக் கட்டத்துல இடத்தை எழுதாதீங்க. தெரியாதுன்னு போடுங்க. நாம இப்பவே ஆட்டோ பிடிச்சுப் போய் எடுத்துடலாம். நாளைக்கு நீங்களே கொண்டாந்து குடுத்துக்குங்க."

தம்பி மனைவி தன் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் கவுண்டரின் மேல் வைத்தாள்.

ஒரு வாரத்துக்கு முன்னால் இதே கைப்பையிலிருந்துதான் புகார் மனுவை எடுத்து வைத்தாள். அப்போதும் குரலில் இதே சமாதானம்தான். தெரியாது என்று எழுதிவிட்டு, வழியில் ஆட்டோ பழுதானால்? போய்ச் சேருமுன் குழல் துண்டுகளாகியிருந்தால்? பொய் எழுதியவளாகத் திரும்பவும் இதே ஜன்னலுக்கு வர வேண்டும். அப்பா அந்தக் கடிதத்தை எழுதியபோதும் இப்படித்தான், நாளைக்குச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

அவள் பேனாவை எடுத்தாள். முதல் கட்டத்தில் அப்பா பெயரை எழுதினாள், மாற்றி மாட்டியவர் அவர்தானே. அதன் கீழேயே, வெடிக்கச் செய்தவர் என்று போட்டுத் தம்பியின் பெயரை இனிஷியலோடு எழுதினாள். அவளுடையதும் அதே இனிஷியல்தான். இரண்டாவது கட்டத்தில் கதவு எண், குறுக்குத் தெரு, மாடி, பரண் என்று ஒன்று விடாமல் எழுதினாள். சற்று யோசித்துவிட்டு, லேத் பட்டறையின் முகவரியையும் சேர்த்தாள்.

குமாஸ்தா வாங்கிப் படித்தார். தலையை நிமிர்த்தாமலே தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அண்ணி" என்றாள் தம்பி மனைவி. அந்த ஒரு வார்த்தையில் அத்தனை வெறுப்பு இருந்தது.

அக்கா கவுண்டரில் கிடந்த சாவியை ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினாள்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். வர்றவங்களுக்குக் கதவு திறந்து விட ஆள் வேணும்."

தம்பி மனைவி சாவியை எடுக்கவில்லை. போனை எடுத்தாள். கணவனின் எண்ணைத் தேடாமலே அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு, அக்காவின் கண்ணைப் பார்த்தபடியே மறுமுனைக்காகக் காத்திருந்தாள்.